நோய் போன வழி: மாவட்டக் கணக்கும் கிராஃப் நியூரல் நெட்வொர்க்கும்

கேள்வி இது: "தமிழ்நாட்டின் மாவட்ட வாரியான கொரோனா எண்ணிக்கை கையில் இருக்கிறது. கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட். தொற்று எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்குப் பரவியது என்று நியூரல் நெட்வொர்க் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? எந்த மாடலை எடுப்பது?"

மாடலைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது, மாவட்டங்களுக்கு இடையே எதை "இணைப்பு" என்று கணக்கில் கொள்கிறீர்கள் என்பது. இந்த வேலையில் தேறுவதும் தவறுவதும் பெரும்பாலும் அங்கேதான். இணைப்பு சரியாக இருந்தால் சாதாரண மாடல்கூடப் பயன் தரும். இணைப்பு தப்பாக இருந்தால் எவ்வளவு பெரிய நெட்வொர்க்கும் தப்பான வரைபடத்தை மனப்பாடம்தான் செய்யும். தலைப்பில் உள்ள கிராஃப் நியூரல் நெட்வொர்க் என்பது, மாவட்டங்களைக் கணுக்களாகவும் (புள்ளிகளாகவும்) இணைப்புகளை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் கொண்ட வரைபடத்தின்மேல் கற்கும் மாடல்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. "அடுத்த வாரம் கடலூரில் எத்தனை பேருக்கு வரும்?" என்பது முன்கணிப்பு. இதை நியூரல் நெட்வொர்க் ஓரளவு நன்றாகவே செய்யும். "கடலூருக்கு எங்கிருந்து வந்தது?" என்பது மூலத்தைத் தேடுவது. அன்றாட எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு எந்த மாடலும் உறுதியான பதில் சொல்லாது, துணைச் சான்று மட்டுமே தரும். ஏன் என்பதைக் கோயம்பேட்டை வைத்துப் பார்க்கலாம்.

2020 ஏப்ரல் கடைசியில் சென்னை கோயம்பேடு சந்தையில் தொற்று பிடித்தது. மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கியவர்களும் கடைகளில் வேலை பார்த்தவர்களும் பலர் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஊர்க்காரர்கள். ஊரடங்கில் பஸ் இல்லை, காய்கறி லாரிகளில் ஏறி ஊர் போனார்கள். மே 4 அன்று மாநிலத்தில் பதிவான 527 பேரில் சென்னை 266, கடலூர் 122. மே 6 அன்று 771 பேர்; அதில் சென்னை 324, அரியலூர் 188. மக்கள்தொகை ஏழரை லட்சம் மட்டுமே உள்ள மாவட்டத்தில் ஒரே நாளில் 188.

இப்போது இதே நிகழ்வை ஒரு மாடலின் கண்ணால் பாருங்கள். மாவட்ட எல்லை தொட்டுக்கொண்டால் இணைப்பு என்று வைத்தால் சென்னைக்கு நேரடி இணைப்பு திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் மட்டும்தான். அரியலூர் பல படி தள்ளி இருக்கும். சரி, ஈர்ப்பு மாடல், அதாவது மக்கள்தொகையைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் முறையை எடுத்தால்? காஞ்சிபுரம் சுமார் 11.7 லட்சம், சென்னையிலிருந்து நேர்கோட்டில் 68 கிலோமீட்டர். அரியலூர் 7.5 லட்சம், 250 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சென்னை–அரியலூர் இணைப்பின் எடை சென்னை–காஞ்சிபுரம் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. நடந்தது அதற்கு நேர் எதிர். கிருமி தூரத்தைப் பார்க்கவில்லை. சந்தைக்கும் ஊருக்கும் உள்ள பிழைப்பு உறவின் வழியே போனது.

இன்னொரு சிக்கலும் இதே நிகழ்வில் இருக்கிறது. அரியலூர்க்காரர்களுக்குத் தொற்று பிடித்தது சென்னையில், பரிசோதனை நடந்தது ஊர் திரும்பிய பிறகு, கணக்கில் ஏறியது அரியலூரில். சென்னையிலும் அரியலூரிலும் எண்ணிக்கை ஒரே வாரத்தில் ஏறியது. முந்தைய வாரத்துச் சென்னை இந்த வாரத்து அரியலூரை எப்படிப் பாதித்தது என்று தேடும் மாடலுக்கு இங்கே பிடி எதுவும் இல்லை. திசையைச் சொன்னது தொடர்பறிதல் பணியாளர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிய குறிப்புகள். ஆகவே "மாடல் வழியைக் கண்டுபிடித்தது" என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

தரவுக்கு வருவோம். கோவிட்19இந்தியா என்ற தன்னார்வலர் குழு மாவட்ட வாரிக் கோப்பை 2020 ஏப்ரல் 26 முதல் 2021 அக்டோபர் 31 வரை தொகுத்து வைத்தது. பெரும்பாலானவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள், நீங்களும் எடுக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் இருப்பது அன்றுவரையிலான கூட்டுத்தொகை. தினசரி எண்ணிக்கைக்காகக் கழித்தால் ஏப்ரல் 27-லிருந்துதான் தொடங்கும். 14 நாள் சாளரம் (ஒரு கணிப்புக்கு மாடல் பார்க்கும் நாட்கள்) வைத்தால் முதல் சாளரம் மே 10-ல் முடியும். மாடல் செய்யும் முதல் கணிப்பே அதற்கு அப்புறம்தான். கோயம்பேடு நிகழ்வு முழுவதும் உள்ளீட்டுக்குள் அடங்கிவிடும், மாடல் அதைக் கணித்துப் பார்க்கும் வாய்ப்பே வராது. அது வேண்டுமென்றால் மாநிலச் சுகாதாரத் துறையின் மார்ச், ஏப்ரல் மாத அறிக்கைகளிலிருந்து மாவட்ட அட்டவணைகளைக் கையால் ஏற்ற வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் தரமான புராஜெக்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த மாதிரி வேலைதான்.

கோப்பைத் திறந்ததும் தமிழ்நாட்டின் கீழ் "விமான நிலையத் தனிமைப்படுத்தல்", "ரயில்வே தனிமைப்படுத்தல்" என்ற பொருளில் வரிசைகள் தெரியும். இவை மாவட்டங்கள் அல்ல. மாவட்டக் கணுக்களாக எடுத்துவிடாதீர்கள், சென்னையோடு கூட்டவும் வேண்டாம். வெளியிலிருந்து வந்த தொற்று என்று தனி உள்ளீடாக வைத்துக்கொள்ளலாம்.

மாவட்ட எல்லைகள்தான் எல்லோரையும் தடுக்கி விழவைக்கும் இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32 மாவட்டங்கள். 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு பிரிந்து 37 ஆனது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை செயல்படத் தொடங்கி 38. சென்னை மாவட்டமும் 2018-ல் மாநகராட்சி எல்லை அளவுக்கு, 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய கணக்கெடுப்பில் அது 46 லட்சம் பேர் கொண்ட சிறிய மாவட்டம். அந்த எண்ணை அப்படியே எடுத்து லட்சத்துக்கு இத்தனை பேர் என்று வகுத்தால் சென்னையின் விகிதம் வீங்கித் தெரியும். செய்ய வேண்டியது: 2011 தாலுகா மக்கள்தொகையை எடுத்துப் புதிய மாவட்ட எல்லைக்குள் கூட்டுங்கள். மயிலாடுதுறையை முழுக் காலத்துக்கும் நாகப்பட்டினத்தோடு சேர்த்து 37 கணுக்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கணு பிறந்தால் நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளம் விழும், மாடல் அதை நோய் தணிந்ததாக எடுத்துக்கொள்ளும். எல்லை வரைபடக் கோப்பும் புதிய மாவட்டங்களுக்கானதுதானா என்று பாருங்கள். எளிதில் கிடைக்கும் பல கோப்புகள் 32 மாவட்டங்களோடு நின்றுவிடுகின்றன.

தினசரி எண்ணிக்கையில் எதிர்மறை எண் வரும். ஒரு மாவட்டத்தில் பதிந்தவரை முகவரி பார்த்து வேறு மாவட்டத்துக்கு மாற்றும்போது கூட்டுத்தொகை குறைவதுதான் காரணம். பூஜ்யமாக வெட்டிவிட்டால் மொத்தம் உயர்ந்துவிடும். குறைந்த அளவை முந்தைய ஏழு நாட்களில் விகிதப்படி கழிப்பது நல்லது. இறப்பு எண்ணிக்கை இன்னும் மோசம். 2020 ஜூலை 22 அன்று சென்னையில் விடுபட்ட 444 இறப்புகளை ஒரே நாளில் கணக்கில் சேர்த்தார்கள். அந்த இறப்புகள் நடந்தது மார்ச் முதல் ஜூன் வரை. அந்த ஒற்றை நாள் மாடலுக்குள் போனால் அதைச் சுற்றியுள்ள இரண்டு வாரக் கணிப்பும் பாழ். இறப்பை இலக்காக வைக்காமல், தொற்று எண்ணிக்கையோடு வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு சாதகமும் உண்டு. தமிழ்நாடு ஆர்டி-பிசிஆர் பரிசோதனையை மட்டுமே நம்பி எண்ணியது. ஆன்டிஜென் சோதனையும் கலந்த மாநிலங்களை விட இங்கே ஒரு மாதத்தையும் இன்னொரு மாதத்தையும் ஒப்பிடுவது சுலபம்.

ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் பதிவான விகிதம் ஒன்றல்ல. இதுதான் இந்தத் தரவின் ஆழமான குறை. 2020 அக்டோபர்–நவம்பரில் மாநிலம் முழுவதும் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்த ஆய்வில் சுமார் 32 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோயிருந்தது. கோடியில் கணக்கிட்டால் இரண்டைத் தாண்டும். நவம்பர் முடிய அதிகாரபூர்வமாகப் பதிவானதோ எட்டு லட்சத்துக்கும் கீழே. மாவட்டங்களில் நீலகிரி 11 சதவீதம் அளவில் இருந்தது. பெரம்பலூரில் ஏறக்குறைய பாதிப் பேர். மாநிலத்திலேயே மிகக் குறைவான தொற்று பதிவான மாவட்டம் இந்தப் பெரம்பலூர்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் வண்ண வரைபடத்தில் வெளிறித் தெரியும் மாவட்டம் உண்மையில் சிவந்திருக்கலாம். இதை மாடல் தானாகக் கண்டுபிடிக்காது. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு பதிவு விகிதத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அல்லது கண்டுகொள்ளும்படி மாடலை அமைக்க வேண்டும்.

அடுத்து இணைப்பு அணி, அதாவது எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு இணைப்பு என்ற எண் அட்டவணை. நெட்வொர்க் எழுதுவதற்கு முன் நெட்வொர்க் இல்லாமலே ஒரு சோதனை செய்யுங்கள். 2013-ல் டிர்க் பிராக்மனும் டிர்க் ஹெல்பிங்கும் "செயல்படு தூரம்" என்ற அளவை முன்வைத்தார்கள். ஒரு இடத்திலிருந்து கிளம்பும் பயணிகளில் எத்தனை பங்கு குறிப்பிட்ட இன்னொரு இடத்துக்குப் போகிறார்கள் என்று பார்த்து, அந்தப் பங்கின் இயல் மடக்கையை (ln) 1-லிருந்து கழித்தால் கிடைப்பதே அந்தத் தூரம். பத்தில் ஒரு பங்கு போனால் தூரம் 3.3, நூறில் ஒரு பங்கு போனால் 5.6. 2003 சார்ஸ், 2009 எச்1என்1 இரண்டிலும் நோய் எந்த நாட்டுக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பது கிலோமீட்டரை விட இந்தத் தூரத்தோடு நன்றாகப் பொருந்தியது. நீங்கள் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் "வந்து சேர்ந்த நாள்" ஒன்றைக் குறியுங்கள். வார எண்ணிக்கை லட்சத்துக்கு 1-ஐத் தாண்டிய முதல் நாள் என்று வைக்கலாம். சென்னையிலிருந்து சாலைத் தூரம், செயல்படு தூரம் இரண்டோடும் அதை வரைந்து பாருங்கள். இந்த இரண்டு படங்களும் மாதக்கணக்கான பயிற்சியை விட அதிகம் சொல்லக்கூடும்.

பயணிகள் எண்ணிக்கை எங்கே கிடைக்கும்? கூகுள் வெளியிட்ட நடமாட்ட அறிக்கைகளைப் பலர் இதற்கு எடுத்துத் தவறு செய்கிறார்கள். அவை ஒரு பகுதிக்குள் கடை, பணியிடம், பேருந்து நிலையம் போன்ற இடங்களுக்கு வருகை எத்தனை சதவீதம் மாறியது என்று மட்டுமே சொல்லும். ஒப்பீட்டு அடிப்படை 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரை. எங்கிருந்து எங்கே என்பது அதில் கிடையாது. எனவே கணுவின் உள்ளீடாக வைக்கலாம், இணைப்பின் எடையாக வைக்கக் கூடாது. இணைப்புக்கு நடைமுறையில் உதவுவது அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் வழித்தட நடைகள், ரயில் கால அட்டவணையில் உள்ள இருக்கைகள், தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி வழியாகப் போகும் வாகனங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் ஈர்ப்பு மாடல். தூரத்தின் அடுக்கை 2 என்று கட்டாமல் 1, 1.5, 2 மூன்றையும் வைத்துப் பாருங்கள்.

எடைகள் காலத்தோடு மாற வேண்டும், இது முக்கியம். 2020 ஜூன் 1-ல் மாநிலத்தை 8 மண்டலங்களாகப் பிரித்து சென்னையும் சுற்று மாவட்டங்களும் அடங்கிய மண்டலங்கள் நீங்கலாக, மண்டலத்துக்குள் மட்டும் பஸ் விட்டார்கள். ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையும் சுற்று மாவட்டங்களின் சில பகுதிகளும் முழு ஊரடங்கில். ஜூலை 1-லிருந்து பஸ் மறுபடி நின்றது. செப்டம்பர் 1-ல் மாநிலத்துக்குள் இ-பாஸ் ரத்து. செப்டம்பர் 7-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கியது. இந்தத் தேதிகளில் இணைப்பு அணியை மாற்றாமல் ஒரே அணியை 2021 வரை இழுத்துப் போவது, ஓடாத பஸ்ஸில் கிருமியை ஏற்றி அனுப்புவதற்குச் சமம்.

மாநில எல்லையில் வரைபடத்தை வெட்டிவிடவும் கூடாது. ஓசூர் பெங்களூருவோடு வாழ்கிறது. கன்னியாகுமரிக்குத் திருவனந்தபுரமும் கோயம்புத்தூருக்குப் பாலக்காடும் பக்கம். கடலூர், விழுப்புரம் நடுவே புதுச்சேரி இருக்கிறது. பெங்களூரு நகரம், சித்தூர், பாலக்காடு, திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய ஐந்தையும் உள்ளீடு தரும் கணுக்களாகச் சேருங்கள். இவற்றுக்குக் கணிப்பு வேண்டாம், பிழைக் கணக்கிலும் (கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டும் கணக்கு) சேர்க்க வேண்டாம்.

இனி மாடல். கட்டம் கட்டமான படம் போன்ற தரவு இருந்தால் சுருள் அடுக்கு நெட்வொர்க் (படங்களைப் படிக்கும் சிஎன்என்) பொருந்தும். மாவட்டங்கள் ஒழுங்கற்ற துண்டுகள், எனவே கிராஃப் நெட்வொர்க். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கணுவும் அண்டைக் கணுக்களின் நிலையை எடையிட்டுச் சேர்த்துக்கொள்ளும். அந்த வரிசையை ஒரு ஜிஆர்யூ (முந்தைய நாட்களை நினைவில் வைத்துப் படிக்கும் நெட்வொர்க் அடுக்கு) காலப்போக்கில் படிக்கும். கிராஃபையும் காலவரிசையையும் இப்படிச் சேர்த்துப் பார்க்கும் மாடல்கள் 2020 முதல் அமெரிக்க கவுன்டிகளுக்கும் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், இங்கிலாந்துப் பகுதிகளுக்கும் செய்யப்பட்டிருக்கின்றன. பைட்டார்ச் ஜியோமெட்ரிக் என்ற பைத்தான் நிரல் நூலகத்தில் தேவையான அடுக்குகள் தயாராக இருக்கின்றன.

அளவு சிறியதாக இருக்கட்டும். கணு ஒன்றுக்கு 5 உள்ளீடுகள்: லட்சத்துக்கு வாரத் தொற்றின் மடக்கை, முந்தைய வாரத்திலிருந்து வளர்ச்சி, பணியிட நடமாட்டம், இதுவரை தொற்று வந்தவர்களின் மதிப்பீட்டு விகிதம், ஊரடங்கு நிலை. கிராஃப் அடுக்கு 5-லிருந்து 16, இரண்டாவது அடுக்கு 16-லிருந்து 16, ஜிஆர்யூ 16-லிருந்து 32, வெளியீடு 7, 14 நாள் என இரண்டு. எண்ணிப் பார்த்தால் 96, 272, 4,800, 66. ஆக மாடல் கற்க வேண்டிய எடைகள் 5,234 (இவை இணைப்பின் எடைகள் அல்ல). கைவசம் உள்ளது 37 கணுக்களும் 553 நாட்களும். பெருக்கினால் இருபதாயிரத்தைத் தாண்டும், அது ஏமாற்றும் எண். உண்மையில் நடந்தவை இரண்டே அலைகள், மாவட்டங்களும் ஒன்றாகவே ஏறி இறங்கின. 128 அகலம், நான்கு அடுக்கு என்று போனால் இரண்டு அலைகளின் உருவத்தையும் மாடல் ஒப்பித்துவிடும். கிராஃப் அடுக்குகள் இரண்டுக்கு மேல் போனால் இன்னொரு கேடு: ஒவ்வொரு கணுவும் பாதி மாநிலத்தின் சராசரியாகிவிடும், நீலகிரிக்கும் ராமநாதபுரத்துக்கும் வித்தியாசம் மறைந்துபோகும்.

இணைப்பின் திசையைச் சோதித்துவிடுங்கள். அந்த நூலகத்தில் செய்தி மூலக் கணுவிலிருந்து இலக்குக் கணுவுக்குப் போகும். அணியை மாற்றிப் போட்டுவிட்டால் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும், அரியலூர் சென்னைக்குத் தொற்று அனுப்பிக்கொண்டிருக்கும். சென்னையில் மட்டும் 1, மற்ற எல்லாவற்றிலும் 0 என்று ஒரு பொய் உள்ளீடு கொடுத்து ஒரு அடுக்கை ஓட்டிப் பாருங்கள். எங்கெல்லாம் எண் தோன்றுகிறதோ அவைதான் சென்னையிலிருந்து செல்லும் இணைப்புகள். ஐந்து நிமிட வேலை.

இலக்கு எதுவாக இருக்க வேண்டும்? நேரடி எண்ணிக்கை வேண்டாம். முதல் அலையின் உச்சத்தில் மாநிலத்தின் தினசரி எண்ணிக்கை ஏழாயிரத்தை ஒட்டி நின்றது. இரண்டாம் அலையில் 2021 மே 21 அன்று 36,184. முதல் அலையில் பயின்ற மாடல் தன் வாழ்நாளில் பார்க்காத ஐந்து மடங்கு எண்ணைச் சந்திக்கிறது. நேரடி எண்ணிக்கையில் பயிற்றுவித்தால் கணிப்பு எங்கோ தட்டையாக நின்றுவிடும். அடுத்த வார எண்ணிக்கையையும் இந்த வார எண்ணிக்கையையும் தலா 1 கூட்டி வகுத்து, அதன் மடக்கையை இலக்காக வையுங்கள். வளர்ச்சி விகிதம் இரண்டு அலைகளிலும் ஒப்பிடக்கூடிய எல்லைக்குள் இருக்கும். இன்னொரு நன்மை, பிழைக் கணக்கைச் சென்னை விழுங்காது. எண்ணிக்கையின் வர்க்கப் பிழையைக் குறைக்கச் சொன்னால் மாடல் சென்னையை மட்டும் கவனித்துப் பெரம்பலூரைக் கைவிடும். அதே சமயம் சிறு மாவட்டத்தில் 2 பேர் 6 ஆவதும் மும்மடங்கு வளர்ச்சிதான். அதனால் வார எண்ணிக்கை 20-க்குக் கீழே உள்ள வரிசைகளுக்குப் பிழைக் கணக்கில் எடையைக் குறையுங்கள்.

பயிற்சி வேகம் (ஒரு படியில் எடைகளை மாற்றும் அளவு) 0.001, எடைத் தேய்மானம் (எடைகள் பெரிதாகாமல் இழுக்கும் அளவு) 0.0001, டிராப்அவுட் (பயிற்சியின்போது தற்செயலாக அணைக்கும் பங்கு) 0.3 என்று தொடங்கலாம். சரிபார்ப்புப் பிழை (பயிற்சியில் சேராத காலத்தில் வரும் பிழை) 20 சுற்றுகளாகக் குறையாவிட்டால் நிறுத்துங்கள். ஒரே அமைப்பைப் பத்து வெவ்வேறு விதைகளோடு (தற்செயல் தொடக்க எண்களோடு) ஓட்டிச் சராசரியும் சிதறலும் சொல்லுங்கள். இவ்வளவு சிறிய தரவில் விதையை மாற்றினாலே முடிவு மாறும். சிறந்த ஒரு ஓட்டத்தை மட்டும் எடுத்துக் காட்டுவது நேர்மையல்ல.

எதிர்காலம் கசிந்து உள்ளே வருவதுதான் மாணவர் புராஜெக்டுகளில் அதிகம் காணப்படும் தவறு, கண்டுபிடிக்கக் கடினமானதும்கூட. ஞாயிறு, திங்கள் எண்ணிக்கை ஏறி இறங்குவதால் ஏழு நாள் சராசரி எடுப்பார்கள். அது நடு மையச் சராசரியாக இருந்தால் இன்றைய மதிப்புக்குள் அடுத்த மூன்று நாட்களும் ஒளிந்திருக்கும். பின்னோக்கிய சராசரியை மட்டும் எடுங்கள். வரிசைகளைக் குலுக்கி 80–20 என்று பிரித்தாலும் கசியும். மே 10 பயிற்சியிலும் மே 11 சோதனையிலும் இருந்தால் அது சோதனையே அல்ல. காலத்தால் பிரியுங்கள்: 2020 டிசம்பர் வரை பயிற்சி, 2021 பிப்ரவரி வரை சரிபார்ப்பு, மார்ச்சிலிருந்து சோதனை. சராசரி, திட்ட விலக்கம் போட்டு அளவைச் சீராக்கும்போது பயிற்சிக் காலத்து எண்களை மட்டும் பயன்படுத்துங்கள். ஏழு நாள் கணிப்பில் பிழை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக வந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள்.

ஒப்பீடு இல்லாமல் எந்தப் பிழை எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. மூன்று எளிய எதிராளிகளை வையுங்கள்: "அடுத்த வாரமும் இந்த வாரம் போலவே", "இந்த வார வளர்ச்சியே தொடரும்", மாவட்டத்துக்குத் தனித்தனியாக ஒரு ரிட்ஜ் தொடர்புப்போக்கு (கெழுக்கள் பெருக்காமல் கட்டுப்படுத்திய நேர்கோட்டுக் கணிப்பு). முதலாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பல ஆய்வுக் குழுக்களின் கணிப்புகளை வாரந்தோறும் திரட்டிய கோவிட்-19 முன்கணிப்பு மையத்தில், இதைப் போன்ற அடிப்படைக் கணிப்பைத் தாண்ட முடியாத மாடல்கள் பல இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்த கூட்டுக் கணிப்புதான் நிலையாக நன்றாக இருந்தது.

இதன் பிறகு வருவது உங்கள் புராஜெக்டின் உயிரான சோதனை. இணைப்புகளைக் கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு கணுவுக்கும் அதே எண்ணிக்கை இணைப்புகள், அதே எடைகள், ஆனால் யாரோடு என்பது குலுக்கல். இப்படி இருபது பொய் வரைபடங்களில் மாடலைப் புதிதாகப் பயிற்றுவியுங்கள். உண்மை வரைபடத்தின் பிழை இந்த இருபதுக்கும் கீழே வந்தால்தான் புவியியல் மாடலுக்கு ஏதோ சொல்கிறது என்று பொருள். நடுவில் எங்கோ விழுந்தால், மாடல் "மாநிலம் முழுவதும் ஏறுகிறதா இறங்குகிறதா" என்பதை மட்டுமே இணைப்புகள் வழியாகப் பொறுக்கியிருக்கிறது. அந்த முடிவும் முடிவுதான், அப்படியே எழுதுங்கள். எல்லை இணைப்பு, ஈர்ப்பு, பஸ் நடை ஆகிய மூன்று வரைபடங்களையும் இதே முறையில் ஒப்பிட்டு ஓர் அட்டவணை கொடுத்தால், "எந்த மாடல்" என்ற உங்கள் கேள்வியை விடப் பயனுள்ள பதில் கிடைக்கும்.

கவன எடைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கவனப் பொறிமுறை உள்ள கிராஃப் நெட்வொர்க்கில் எந்த அண்டைக் கணுவை மாடல் எவ்வளவு பார்த்தது என்று எடுத்து, அதைத் தொற்றுப் பாதை என்று அம்புக்குறி போட்டு வரைகிறார்கள். அது பாதை அல்ல. 2021 மார்ச், ஏப்ரலில் எல்லா மாவட்டங்களிலும் தேர்தல் பிரச்சாரக் கூட்டங்கள் நடந்தன. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. டெல்டா வகையும் அந்த மாதங்களில்தான் பரவியது. பொதுக் காரணத்தால் இரண்டு மாவட்டங்கள் ஒன்றாக ஏறினால், முன்னால் ஏறிய மாவட்டம் பின்னால் ஏறியதற்குக் காரணம்போல் மாடலுக்குத் தெரியும். சீக்கிரம் பரிசோதித்துச் சீக்கிரம் அறிவித்த மாவட்டமும் அப்படியே மூலம்போல் தெரியும். தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்ற ஆரம்ப வகையில் சராசரி ஐந்து நாள், அதன்மேல் பரிசோதனையும் அறிவிப்பும். இந்தத் தாமதம் மாவட்டத்துக்கு மாவட்டம் இரண்டு மூன்று நாள் வேறுபட்டாலே அம்பு திரும்பிவிடும். விதையை மாற்றி ஓட்டினாலும் கவன எடைகள் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பாதைக்கு வலுவான சான்று வேண்டுமென்றால் கிருமியின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு வம்சவழி வரைய வேண்டும்; எண்ணிக்கை மாடல் அதற்கு ஈடாகாது.

நேரம் மிச்சமிருந்தால் கலப்பு மாடலுக்குப் போங்கள். இந்தத் தலைப்புக்கு மிகப் பொருத்தமானது அதுவே என்பது என் கருத்து. நெட்வொர்க் நேரடியாக எண்ணிக்கையைச் சொல்வதில்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் பரவல் வேகத்தை மட்டும் சொல்லும். தொற்றக்கூடியவர், தொற்றி அடைகாப்பவர், பரப்புபவர், குணமானவர் என்ற நான்கு அறைக் கணக்கு அதை வாங்கி நாளுக்கு நாள் நகரும். மாவட்டங்களுக்கு இடையே ஆட்களை நகர்த்துவது உங்கள் இணைப்பு அணி. கடைசியில் பதிவு விகிதத்தால் பெருக்கினால் அறிக்கையில் வரும் எண்ணிக்கை. முழுக் கணக்கும் வகையிடத்தக்கது (எடையைச் சற்று மாற்றினால் பிழை எவ்வளவு மாறும் என்று கணக்கிடலாம்) என்பதால் ஒரே பயிற்சியில் எல்லாம் சேர்ந்து கற்கும். தொற்றக்கூடியவர்கள் தீர்ந்தால் அலை தானாக இறங்கும் என்பதை மாடலுக்குக் கற்பிக்கவே வேண்டாம், கணக்கிலேயே இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. பரவல் வேகமும் பதிவு விகிதமும் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். நிறையப் பேருக்குப் பரவிக் கொஞ்சம் பேர் பதிவானதும், கொஞ்சம் பேருக்குப் பரவி நிறையப் பேர் பதிவானதும் வெளியிலிருந்து ஒரே எண்ணிக்கையாகத் தெரியலாம். நங்கூரம் ஒன்று வேண்டும். அந்த நங்கூரம்தான் மேலே சொன்ன எதிர்ப்புப் பொருள் ஆய்வு. 2020 நவம்பரில் ஒவ்வொரு மாவட்டத்திலும் குணமானவர் அறையில் இருப்பவர்களின் விகிதம் ஆய்வு சொன்ன விகிதத்தை விட்டு விலகினால், அந்த விலகலுக்குப் பிழைக் கணக்கில் ஓர் அபராதம் சேருங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக 37 எண்கள் போதும். அபராதம் இல்லாமல் ஒரு முறை, அபராதத்தோடு ஒரு முறை பயிற்றுவித்துப் பெரம்பலூரின் கணிப்பு வளைகோட்டை மட்டும் அருகருகே வரைந்து பாருங்கள்.